மிதமான பணத்தில் ஃபிளமெங்கோ கிட்டார்: நான்கு வழிகளின் ஒப்பீடு

ஸ்பெயின் நாட்டு இசைவகையான ஃபிளமெங்கோவின் கிட்டார் வாசிப்பில் ஓரிரு ஆண்டுகளைக் கடந்து, இரவல் கிட்டாரை விட்டுச் சொந்தக் கிட்டாருக்கு மாற நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பிளாங்கா வாங்குவதா, நெக்ரா வாங்குவதா? முதுகுப்பலகையும் பக்கப்பலகைகளும் சைப்ரஸ் மரத்தில் அமைந்தால் பிளாங்கா, ரோஸ்வுட்டில் அமைந்தால் நெக்ரா. கேள்வியில் தவறில்லை. ஆனால் கையில் இருப்பது 700 முதல் 1,500 யூரோ வரையிலான தொகையாக இருக்கும்போது, அதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்வதால்தான் பலர் தவறான கிட்டாரோடு வீடு திரும்புகிறார்கள். இந்த விலையில் முதலில் பார்க்க வேண்டியது கழுத்து உடலோடு சேரும் கோணம்; அடுத்தது மேற்பலகை; முதுகு மரம் அதற்கும் பிறகே வருகிறது. ஏன் இந்த வரிசை என்பதை முதலில் விளக்கிவிட்டு, இத்தொகைக்குள் உள்ள நான்கு வழிகளையும் அதே அளவுகோல்களால் எடைபோடுகிறேன்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

கிளாசிக்கல் கிட்டாரும் ஃபிளமெங்கோ கிட்டாரும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் தந்தியின் அதிரும் நீளம் பெரும்பாலும் 650 மி.மீ.; கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டின் அகலம் ஏறத்தாழ 52 மி.மீ. வேறுபாடு இருக்குமிடம் வேறு. கீழே உள்ளவை பட்டறைக்குப் பட்டறை சற்று மாறக்கூடிய, பொதுவாக வழங்கும் அளவுகள். (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி; பிரிட்ஜ் என்பது மேற்பலகையில் தந்திகள் கட்டப்படும் மரக்கட்டை.)

| அளவு | ஃபிளமெங்கோ | கிளாசிக்கல் |
|---|---|---|
| 12-ஆவது ஃப்ரெட்டில் ஆறாம் தந்தியின் உயரம் | சுமார் 3 மி.மீ. | சுமார் 4 மி.மீ. |
| 12-ஆவது ஃப்ரெட்டில் முதல் தந்தியின் உயரம் | சுமார் 2.5 மி.மீ. | சுமார் 3 மி.மீ. |
| பிரிட்ஜ் அருகே மேற்பலகையிலிருந்து தந்தியின் உயரம் | 7 முதல் 9 மி.மீ. | 10 முதல் 12 மி.மீ. |
| உடலின் ஆழம் | 90 முதல் 95 மி.மீ. | 95 முதல் 105 மி.மீ. |

இவற்றுள் மூன்றாவது வரிசைதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வலக்கை ரஸ்கெயாதோவில் விரல்களை வீசும்போதும், அல்சாபூவாவில் கட்டைவிரல் மேலும் கீழும் அடிக்கும்போதும், மோதிரவிரல் மேற்பலகையைத் தட்டி கோல்பே போடும்போதும், தந்திக்கும் பலகைக்கும் இடையிலான தூரம் குறைவாக இருந்தால்தான் கை ஓரிடத்தில் நிலைகொண்டு வேலை செய்ய முடியும். 11 மி.மீ. உயரத்தில் தந்தி இருந்தால், ஒவ்வொரு தட்டலுக்கும் விரல் கீழிறங்கி மீள வேண்டியிருக்கிறது. வேகம் கூடக்கூட அது கையின் அமைப்பையே கெடுத்துவிடும். தவிர, பிரிட்ஜ் தாழ்வாக இருப்பதால் மேற்பலகையின் மீது விழும் முறுக்கு விசையும் குறைகிறது. ஃபிளமெங்கோ மேற்பலகையை மெல்லியதாக இழைக்கப் பட்டறைகளுக்குத் துணிவு தருவதில் அதற்கும் பங்குண்டு.

இந்த உயரத்தை ஆள்வது கழுத்தின் கோணம். கிளாசிக்கலில் கழுத்து முன்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். ஃபிளமெங்கோவில் அது மேற்பலகையோடு ஒரே தளத்திலோ இம்மியளவு பின்சாய்ந்தோ இருக்கும். ஸ்பானிய முறையில் பக்கப்பலகைகள் கழுத்தின் அடிக்கட்டையிலேயே செருகி ஒட்டப்படுவதால், எஃகுத் தந்திக் கிட்டாரில் செய்வதுபோல் கழுத்தைக் கழற்றிக் கோணத்தைத் திருத்தி மீண்டும் பூட்ட இயலாது. ஃப்ரெட்டுகளை எல்லாம் பிடுங்கி, ஃப்ரெட்போர்டைச் சரிவாக இழைத்து, மீண்டும் ஃப்ரெட் அடிப்பது ஒன்றே திருத்தம். அந்தக் கூலி இந்த விலைக் கிட்டார்களுக்குக் கட்டுபடியாகாது. கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடு என்னும் உலோகத் தண்டு இதைச் சரிசெய்யும் என்று சில விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அது கழுத்தின் வளைவை மட்டுமே மாற்றும், கோணத்தை மாற்றாது.

அடுத்த அளவுகோல் ஒலி எழும்பி அடங்கும் விதம். தந்தியைத் தட்டியவுடன் ஓசை வெடித்துக் கிளம்ப வேண்டும், உடனே தணிந்தும்விட வேண்டும். புலேரியாஸ் போன்ற விரைவான தாள அமைப்புகளில் ஒரு தட்டலின் மீது அடுத்த தட்டலின் ஓசை படிந்து குழம்பாமலிருக்க இந்த உலர்ந்த குணம் தேவை. ஒற்றைப் பலகையால் ஆன மேற்பலகை, மெல்லிய பூச்சு, குறைந்த எடை ஆகியவையே இதைத் தருகின்றன. நல்ல பிளாங்கா பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குள் நிற்கும். அதைவிடக் கனமாக இருந்தால் தடித்த பூச்சோ தடித்த பலகையோ உள்ளே இருக்கிறது என்று ஐயப்படலாம். மெல்லிய மர ஏடுகளை ஒட்டிச் செய்த லேமினேட் மேற்பலகை கொண்டதை இத்தொகை வைத்திருப்பவர் பார்க்கவே வேண்டாம்.

மூன்றாவது, விலைச்சீட்டில் வராத பணம். பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் சேடிலும் நட்டும் திருத்தும் செட்அப் கூலி, கடினப் பெட்டி, அனுப்புகூலி, இறக்குமதி வரி, ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஆகியவற்றுக்காகத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது நல்லது. 1,500 யூரோ இருப்பவர் 1,200 யூரோ கிட்டாரைத் தேட வேண்டும் என்பதே இதன் பொருள்.

## முதல் வழி: இருக்கும் கிளாசிக்கலை மாற்றிக்கொள்வது

சேடிலைத் தேய்த்துத் தந்தியைத் தாழ்த்தி, மேற்பலகையில் கோல்பெயாதோர் என்னும் பாதுகாப்புத் தகட்டை ஒட்டிவிட்டால் ஃபிளமெங்கோ கிட்டார் கிடைத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. செலவும் மிகக் குறைவு என்பதால் இது ஈர்ப்புடைய வழி. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

12-ஆவது ஃப்ரெட் தந்தியின் நடுப்புள்ளி. அங்கே உயரம் 1 மி.மீ. குறைய வேண்டுமானால், சேடிலில் 2 மி.மீ. குறைக்க வேண்டும். 4 மி.மீ. உயரமுள்ள ஆறாம் தந்தியை 3 மி.மீ.க்குக் கொண்டுவரும்போது, பிரிட்ஜுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சேடில் பெரும்பாலும் 1 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அப்போது தந்தி சேடிலின் மீது மடங்கி இறங்கும் கோணம் தட்டையாகி, பலகைக்குப் போகும் அழுத்தம் குறைந்து, ஓசை நலிவடையும். அத்தனை செய்தும் பலகையிலிருந்து தந்தியின் உயரம் 11-இலிருந்து 9 மி.மீ.க்கு, அதாவது ஃபிளமெங்கோ அளவின் மேல்விளிம்புக்குத்தான் வரும். இடக்கைக்கு ஃபிளமெங்கோவாகவும் வலக்கைக்குப் பாதி கிளாசிக்கலாகவும் நிற்கும் ஒரு கலப்புக் கருவியே மிஞ்சும்.

தகட்டிலும் கவனம் வேண்டும். தடித்த தகடு மேற்பலகையின் அதிர்வை அமுக்கும். ஷெல்லாக்கைக் கையால் தேய்த்துப் பூசிய பிரெஞ்சு பாலிஷ் மேற்பரப்பில் ஒட்டிவிட்டால், பின்னர் உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வந்துவிடும். நல்ல கிளாசிக்கல் கிட்டார் வைத்திருப்பவர் அதன் மறுவிற்பனை விலையைத் தாமே கெடுத்துக்கொள்கிறார் என்பது இவ்வழியின் மறைசெலவு.

ஆயினும் இரண்டு சூழல்களில் இதுவே சரியான தேர்வு. ஃபிளமெங்கோவில் தொடர்ந்து நிற்போமா என்று இன்னும் தெரியாதவர், வீட்டில் கிடக்கும் விலை குறைந்த கிட்டாரில் ஆறு மாதம் ரஸ்கெயாதோ பழக இது போதும். சேடிலை மாற்ற நினைப்பவர் பழைய சேடிலைத் தேய்க்காமல் எடுத்துவைத்துவிட்டு, வேறொரு எலும்புத் துண்டில் தாழ்ந்த சேடில் செய்து போட்டுக்கொள்ளலாம். சில தொழிற்சாலைக் கிளாசிக்கல்களில் தற்செயலாகவே கழுத்து தட்டையாக அமைந்திருப்பதுண்டு. அப்படி ஒன்று கையில் இருப்பவரும் இவ்வழியில் போகலாம்.

## இரண்டாம் வழி: புதிய தொழிற்சாலைக் கிட்டார்

இத்தொகைக்குள் பெரும்பாலோர் வந்து நிற்குமிடம் இது. ஸ்பெயினில் வலென்சியா, அலிகாந்தே பகுதிகளில்தான் கிட்டார்த் தொழிற்சாலைகள் செறிந்துள்ளன. அலிகாந்தே மாகாணத்தின் முரோ தே அல்கோய் ஊரில் 1965-இல் தொடங்கிய அல்ஹம்ப்ரா அவற்றுள் நன்கறியப்பட்டது. அதன் 3எஃப் மாடலில் ஸ்ப்ரூஸ் மேற்பலகையும் சைக்கமோர் முதுகும் இருக்கும். 7எஃப்சி மாடலில் முதுகு சைப்ரஸ். இரண்டுக்கும் இடையிலுள்ள விலை வேறுபாட்டை முதுகு மரத்துக்கான விலை என்று எண்ணிவிடக் கூடாது. மேற்பலகைக்கு எடுக்கும் மரத்தின் தரமும் வேலையின் நுணுக்கமும் படிப்படியாகக் கூடுகின்றன. இவ்வரிசையில் மேலேயுள்ள மாடலுக்குப் பணம் போதவில்லை என்றால், நடுவில் இருப்பதைப் புதிதாக வாங்குவதைவிட மேலே இருப்பதைப் பழையதாகத் தேடுவது மேல்.

மறுபக்கம் ஆசியாவில் செய்யப்படுபவை. அமெரிக்க நிறுவனமான கோர்டோபா சீனாவில் செய்வித்து விற்கும் எஃப்7, ஸ்ப்ரூஸ் மேற்பலகையும் சைப்ரஸ் முதுகும் கொண்டது. எஃப்10 முழுக்க ஒற்றைப் பலகைகளால் ஆனது. யமஹாவின் சிஜி182எஸ்எஃப் இவ்விலைவரிசையின் கீழ்ப்படியில் நிற்கிறது. யமஹாவின் வேலை ஒழுங்கானது, ஒரு கிட்டாருக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு குறைவு. நேரில் பார்க்காமல் வாங்குபவருக்கு இது சிறு செய்தியன்று. ஓசை சற்று அடக்கமானது. கோர்டோபாவின் கழுத்தில் டிரஸ் ராடு இருப்பதால் எடை கொஞ்சம் கூடினாலும், பருவத்துக்குப் பருவம் ஈரப்பதம் மாறும் ஊர்களில் கழுத்தின் வளைவைத் திருகி ஒழுங்குபடுத்திக்கொள்ள முடிகிறது. சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர இடங்களில் வாழ்பவருக்கு இது மெய்யான பயன்.

அதே காரணத்தால் லேமினேட் முதுகையும் நான் குறையாகக் கருதுவதில்லை. முதுகும் பக்கங்களும் லேமினேட் ஆக இருந்தால் ஈரத்தில் வீங்குவதும் குளிர்சாதன அறையில் சுருங்கி வெடிப்பதும் குறைகின்றன. மேற்பலகை ஒற்றையாக இருக்கும்வரை, ஓசையில் ஏற்படும் இழப்பு இந்த விலையில் பெரிதாகக் கேட்பதில்லை. முழுக்க ஒற்றைப் பலகை என்ற சொற்றொடருக்காக மட்டும் 300, 400 யூரோ கூடுதலாகத் தருவது, அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வைத்திருக்க முடிந்தவருக்கே பொருந்தும்.

புதிய கிட்டாரின் மறைசெலவு இரண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது தந்தி உயரம் பாதுகாப்பாகச் சற்று மேலேயே வைக்கப்பட்டிருக்கும். ஆகவே செட்அப் கூலியைத் தவிர்க்க முடியாது. கடையை விட்டு வெளியே வந்த நொடியில் விலை இறங்குவது இரண்டாவது. உத்தரவாதமும் திருப்பித்தரும் உரிமையும் அதற்கு ஈடு. கிட்டாரைச் சோதித்துப் பார்க்கும் பழக்கமில்லாதவருக்கும், அருகில் பழுதுபார்ப்பவர் இல்லாதவருக்கும் இந்த வழியே பாதுகாப்பானது.

## மூன்றாம் வழி: பழைய ஸ்பானியக் கிட்டார்

பார்க்கத் தெரிந்தவருக்கு, அல்லது பார்க்கத் தெரிந்த ஆசிரியரை உடன் அழைத்துச் செல்ல முடிந்தவருக்கு, இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன். புதிதாக 2,000 யூரோவைத் தாண்டும் கிட்டார் பழையதாகும்போது மிதமான தொகைக்குள் வந்துவிடுகிறது. அதைச் சில ஆண்டுகள் வாசித்துவிட்டு விற்றாலும் கையைக் கடிக்காது. ஸ்ப்ரூஸ் மேற்பலகை வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்ளும் என்பதில் மிகைப்படுத்தல் உண்டு. ஆனால் பத்தாண்டு வாசிக்கப்பட்ட கிட்டாரில் என்ன கிடைக்கும் என்பது அன்றே தெரிந்துவிடுகிறது, புதியதில் தெரிவதில்லை.

பார்க்க வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் சேடில்: தந்தி உயரம் சரியாக இருந்து, பிரிட்ஜுக்கு மேலே இன்னும் 2 மி.மீ.யாவது சேடில் மிஞ்சியிருந்தால் கழுத்து நலமாக இருக்கிறது. சேடில் ஏறக்குறைய மறைந்துவிட்ட நிலையிலும் தந்தி உயரமாக இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும். பிறகு மேற்பலகை: ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் இடையே குழிந்திருக்கிறதா, பிரிட்ஜின் பின்விளிம்பில் தாள் நுழையும் இடைவெளி இருக்கிறதா, கோல்பெயாதோரின் ஓரமாகவோ ஃப்ரெட்போர்டின் இருமருங்கிலுமோ வெடிப்பு ஓடுகிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒழுங்காக ஒட்டி, உள்ளே சிறு மரக்கட்டைகள் வைத்துத் தாங்கப்பட்ட வெடிப்பு பயப்படத்தக்கதன்று. விலையைக் குறைத்துக் கேட்க அது ஒரு காரணம், அவ்வளவே. ஒட்டப்படாத வெடிப்பு வேறு.

ஃபிளமெங்கோ கிட்டாருக்கே உரிய சோதனை ஒன்று உண்டு. பாடகரின் குரலுக்கேற்பச் சுருதியை மாற்ற, துணைவாசிப்பவர் கழுத்தின் குறுக்கே தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்னும் பிடியை எப்போதும் பயன்படுத்துகிறார். அதனால் முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகள்தான் அதிகம் தேய்ந்திருக்கும். கேப்போவை 2-ஆவது ஃப்ரெட்டிலும் 4-ஆவது ஃப்ரெட்டிலும் மாற்றி மாற்றிப் பூட்டி, பலமாக ரஸ்கெயாதோ போட்டுப் பார்க்க வேண்டும். வலுவாக அடிக்கும்போது எழும் மெல்லிய இரைச்சல் இக்கருவியின் இயல்பு, அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். மென்மையாக மீட்டும்போதே ஒரு குறிப்பிட்ட ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால், அங்கே ஃப்ரெட் சமன் கெட்டிருக்கிறது.

பெரிய பெயர்களில் மயங்குவது இவ்வழியின் பொறி. மாட்ரிட்டில் மனுவேல் ராமிரெஸின் பட்டறையில் வேலை பார்த்த சாந்தோஸ் எர்னாந்தெஸும் தொமிங்கோ எஸ்தேசோவும் இருபதாம் நூற்றாண்டு ஃபிளமெங்கோ கிட்டாருக்கு வடிவம் தந்தவர்கள். எஸ்தேசோவின் மருமக்கள் வழிவந்த கோந்தே பட்டறையின் கிட்டார்களை ஃபிளமெங்கோ கிட்டார் மேதை பாகோ தே லூசியா வாசித்தார். அந்த முதல்தரக் கிட்டார்கள் நம் தொகைக்குள் வருவதே இல்லை. வருபவை புகழ்பெற்ற பெயர்களின் மாணவர் மாடல்கள். ராமிரெஸ் இல்லத்தின் மாணவர் வரிசையே வெளிப் பட்டறைகளில் அவர்கள் தரும் அளவுப்படி செய்யப்படுவதுதான். அதில் ஒளிவுமறைவும் இல்லை, இழிவும் இல்லை. பெயர்ச்சீட்டுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுத்தால், அதே தரத்தில் பெயரற்ற வலென்சியாக் கிட்டாருக்கு அருகில் வைத்துப் பார்க்கும்போது ஏமாற்றமாக இருக்கும்.

எல்லை தாண்டி வாங்குபவருக்குச் சட்டச் சிக்கலும் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. 2017 தொடக்கத்தில் ரோஸ்வுட் இனம் முழுவதும் அடுத்த நிலைப் பட்டியலுக்குள் வந்தது. 2019 இறுதியில் முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்தபோதும், பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு பொருந்தவில்லை. எனவே பழைய நெக்ரா ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்றால், அதன் மரம் எது என்பதற்கு எழுத்துமூலமான விடை வாங்காமல் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக் கூடாது.

## நான்காம் வழி: கைவினைஞரிடம் செய்விப்பது

ஸ்பெயினின் கிரனாடா நகரில் அல்ஹம்ப்ரா கோட்டைக்கு ஏறிச்செல்லும் கோமேரெஸ் சாலை, கிட்டார்ப் பட்டறைகளுக்குப் பெயர்பெற்றது. அங்கே கையால் செய்யப்படும் கிட்டாரின் விலை பொதுவாக நம் எல்லையைத் தாண்டிவிடும். மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்திலுள்ள பராச்சோ ஊர் கிட்டார் செய்வதையே பெருந்தொழிலாகக் கொண்டது. அங்குள்ள பட்டறைகளில் தொகையின் மேல்விளிம்பை ஒட்டிக் கையால் செய்த ஃபிளமெங்கோ கிட்டார்கள் கிடைக்கின்றன. ஆனால் தரம் பட்டறைக்குப் பட்டறை மாறுவதால், யாரிடம் வாங்குகிறோம் என்பதே எல்லாம். காத்திருக்கும் காலம், முன்பணம், பிடிக்காவிட்டால் திருப்பித்தர இயலாமை ஆகியவை மறைசெலவுகள். தம் கைக்கு எந்த அளவுகள் ஒத்துவரும் என்று மி.மீ. கணக்கில் சொல்லத் தெரிந்தவருக்கு மட்டுமே இவ்வழி தகும். முதல் கிட்டாராக இதை வாங்குவதில் பொருளில்லை.

## இனி, பிளாங்காவா நெக்ராவா

சைப்ரஸ் ஃபிளமெங்கோவுக்குள் வந்ததற்கு முதற்காரணம் மலிவு. ஸ்பெயினிலேயே வளரும் மரம் அது; ரோஸ்வுட்டோ கடல் கடந்து வர வேண்டியிருந்தது. அல்மேரியாவின் கிட்டார்க் கைவினைஞர் அந்தோனியோ தே தோர்ரெஸ் (1817–1892) காலத்திலேயே இரு மரங்களிலும் கிட்டார்கள் செய்யப்பட்டன. எது வாங்குபவரின் பைக்கு எட்டியதோ அது விற்றது. பின்னர், நடனக்காரரின் காலடி ஓசைக்கும் கைதட்டலுக்கும் நடுவே ஊடுருவிக் கேட்கும் சைப்ரஸின் உலர்ந்த குரலையே காது ஃபிளமெங்கோ என்று பழகிக்கொண்டது. கிட்டார் தனிக்கச்சேரி மேடைக்கு ஏறிய பிறகு, நீண்டு ஒலிக்கும் நெக்ராவின் கனத்த குரலுக்குத் தேவை கூடியது.

ஆகவே நடன வகுப்புக்கோ பாட்டுக்கோ துணைவாசிக்கப் போகிறவர் பிளாங்காவையும், தனியாக வாசிக்கவும் இடையிடையே கிளாசிக்கல் உருப்படிகளை வாசிக்கவும் விரும்புபவர் நெக்ராவையும் எடுக்கலாம். இன்றைய நெக்ராக்களில் பெரும்பாலானவை நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரத்தின் இனமான இந்திய ரோஸ்வுட்டால் ஆனவை. அது லேமினேட் ஆக இருக்கும்போது இரண்டுக்கும் இடையிலான குரல் வேறுபாடு, ஒரே மாடலின் இரு கிட்டார்களுக்கு இடையே இருக்கும் வேறுபாட்டைவிடப் பெரிதாக இருப்பதில்லை. தாழ்ந்த பிரிட்ஜ் கொண்ட நெக்ராவும் உயர்ந்த பிரிட்ஜ் கொண்ட பிளாங்காவும் எதிரே இருந்தால், துணைவாசிப்பவரும் நெக்ராவையே எடுக்க வேண்டும். தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்க மரமுறுக்கிகள் வேண்டுமா, உலோகத் திருகுகள் வேண்டுமா என்ற கேள்விக்கு இந்த விலையில் உலோகமே விடை.

## பார்க்காமல் வாங்க வேண்டியிருந்தால்

ஃபிளமெங்கோ கிட்டாரை அடுக்கிவைத்து வாசித்துப் பார்க்க விடும் கடை எல்லா ஊரிலும் இல்லை; தொலைவிலிருந்து வரவழைப்பதே பலருக்கும் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. அப்போது விற்பவரிடம் ஓசையைப் பற்றிக் கேட்பது வீண். எல்லாரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். 12-ஆவது ஃப்ரெட்டில் முதல், ஆறாம் தந்திகளின் உயரம், பிரிட்ஜ் அருகே மேற்பலகையிலிருந்து தந்தியின் உயரம், பிரிட்ஜுக்கு மேலே நீளும் சேடிலின் அளவு, கிட்டாரின் எடை ஆகியவற்றைக் கேளுங்கள். அளவுகோல் வைத்து எடுத்த படத்தோடு கேளுங்கள். ஒரு கிட்டாரை அளந்து சொல்ல சில நிமிடங்களே ஆகும். அளந்து சொல்ல மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பிரிட்ஜ் அருகே 10 மி.மீ.க்கு மேல் என்று விடை வந்தால், முதுகு எந்த மரமாக இருந்தாலும் அடுத்த கிட்டாரைப் பற்றிக் கேட்கத் தொடங்கலாம்.